கிணற்றுக்குள் போக ஒரு ரெகுலேட்டர்

எங்கள் ஊரிலிருந்து மதராசுக்குப் போகிறவர்கள் கூறைச் சேலை எடுக்கப் போவார்கள், கோயில் பார்க்கப் போவார்கள், இரண்டும் முடிந்தால் ஒரு படமும் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது ஒரு ரெகுலேட்டர் வாங்க. முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டருக்கும் முக்குளிப்பவன் வாய்க்கும் நடுவே இருக்கும் பித்தளைச் சாமான் அது. சிலிண்டருக்குள் இறுக்கி அடைத்த காற்றை மனிதன் மூச்சாக இழுக்கும் அளவுக்குத் தணித்துக் கொடுப்பது அதன் வேலை. அந்த வேலையை அது செய்யாமல் விட்டதால் என் தங்கை பூமணியின் புருஷன் கனகு ஊர்க் கிணற்றுக்குள் கிடந்தான்.

கிணறு என்றால் வாளி விட்டு அள்ளும் கிணறு அல்ல. யாழ்ப்பாணத்து நிலத்துக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். தண்ணீர் அதை அரித்து அரித்துக் குகைகளாக்கி வைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் கிணறு அப்படிப்பட்ட ஒரு குகையின் வாய். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் குழாய் ஒருநாள் அறுந்து உள்ளே விழுந்துவிட்டது. நானும் கனகுவும் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களிலிருந்து பித்தளையும் செம்பும் கழற்றி விற்கிறவர்கள். ஊரில் சிலிண்டர் கட்டி இறங்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். தோட்டக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள்.

குழாய் பக்கவாட்டுக் குகைக்குள் சறுக்கிப் போயிருந்தது. கனகு கயிற்றோடு உள்ளே போனான். நான் குகை வாயில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவன் கல்லைப் புரட்டும் சத்தம் தண்ணீர் வழியாக வந்துகொண்டிருந்தது. பிறகு எனக்குக் காற்று இறுகத் தொடங்கியது. இழுத்தால் வருகிறது, ஆனால் போதவில்லை. கயிற்றை இரண்டு தரம் இழுத்து அவனுக்குச் சைகை காட்டிவிட்டு நான் மேலே வந்தேன். அவன் வரவில்லை. வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று தரம் இறங்கினேன். குகை வாய்க்கு அப்பால் போக என் மூச்சுப் போதவில்லை.

கொழும்பிலிருந்து இரண்டு முக்குளிப்பவர்கள் வந்தார்கள். கிணற்றைப் பார்த்தார்கள், நான் குகையைக் கீறிக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்தார்கள், மேலே எழும்ப வழியில்லாத இடத்துக்குள் தங்களால் போக முடியாது என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். உடம்பு இல்லாமல் செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு இல்லை. பூமணி தாலியோடு வீட்டுக்குள் இருந்தாள். அந்தக் கிணற்றில் ஒருவரும் தண்ணீர் தொடவில்லை, புகையிலைக் கன்றுகள் நின்றபடியே வாடின. என் சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சம் இருந்தது. ஆகவே பிழை ரெகுலேட்டரில்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். நல்லதாக ஒன்று வாங்கி வந்து நானே இறங்கிக் கனகுவை எடுப்பேன் என்றும் சொன்னேன். எங்கள் நாட்டில் அப்போது வெளிநாட்டுச் சாமான் எதையும் இறங்க விடாத காலம். மன்னாரில் சங்கு வியாபாரம் செய்யும் ஒருவர் மதராசில் இரண்டு முகவரிகள் எழுதித் தந்தார்.

மந்தைவெளியில் ஒரு மெஸ்ஸின் மாடியில் அறை கிடைத்தது. மார்கழி மாதம். விடியற்காலையில் மயிலாப்பூர்ப் பக்கமிருந்து பஜனைச் சத்தம் வந்து எழுப்பிவிட்டது. குளிக்கப் போனால் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய் போத்தலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயில் படும்படி வைத்தேன். பக்கத்தில் ஏற்கெனவே வேறு நாலைந்து போத்தல்கள் வரிசையில் நின்றன. எங்கள் வீட்டிலும் இந்த மாதம் இதே வேலைதான்.

சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், சாம்பாரில் ஒரு இனிப்பு இருந்தது. இட்லி நல்லது. எங்கள் ஊர்ச் சம்பலின் உறைப்புக்குப் பழகிய நாக்குக்கு அந்தச் சட்னி பத்தியம். காப்பி மட்டும் எங்கள் ஊரில் கிடைக்காத காப்பி. இரண்டாவது தம்ளர் கேட்க வாய் வந்தது. கனகு காப்பிப் பிரியன் என்று நினைத்ததும் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

முதல் முகவரி தியாகராய நகர், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்து. சைக்கிள் ரிக்‌ஷாவில் போனேன். பாதி வழியில் தூறல் பிடித்தது, சங்கிலி கழன்றது. ரிக்‌ஷாக்காரர் இறங்கி மாட்டினார், நூறு அடி போனதும் மறுபடி கழன்றது. மூன்றாம் தரம் நானே இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். ஏறி உட்காரச் சொன்னார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நாங்கள் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அந்தத் தெருவில் அன்றைக்கு ஆளுக்கொரு துணிக்கடைப் பையோடு ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வாங்குகிறவர்கள் போலத் தெரிந்தார்கள்.

கடை பாத்திரக் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்தவர். நெற்றியில் திருநீறு, விரல் நிறைய மோதிரம், நல்ல மனிதர். எவர்சில்வர் குடங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வெளிநாட்டுச் சாமான்கள் வைத்திருந்தார். டிரான்சிஸ்டர், சென்ட், கைக்கடிகாரம், அவற்றுக்கு நடுவே பெட்டி பிரிக்காத ஒரு ரெகுலேட்டர். கப்பல்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனதாம். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சில ரெகுலேட்டர்கள் சிலிண்டரில் காற்றுக் குறையக் குறைய இறுகும், சில கடைசிவரை ஒரே மாதிரி கொடுக்கும். குகைக்கு இரண்டாவது சாதிதான் வேண்டும். இது எந்தச் சாதி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சிலிண்டரில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டர் உண்டா என்று கேட்டேன். அவரிடம் இல்லை. இந்த மாடல் இழுப்பு நோய்க்காரர்களுக்கும் நல்லது என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து விலைக்கு யோசிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது.

"அண்ணாச்சி, யோசிக்கவே வேண்டாம். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. இத வச்சிருக்க ஆளு செத்தாலும் இது சாவாது, பாத்துக்கிடுங்க."

அவர் தெரியாமல் சொன்னது. இருந்தும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்து, குடை வேண்டுமா என்று கேட்டார். அந்த மனிதர் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் மந்தைவெளி வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் இரண்டாவது முகவரிக்கு அடையாறு போனேன். பஸ்ஸில் என் பேச்சைக் கேட்ட கண்டக்டர் மலையாளமா என்றார். நான் யாழ்ப்பாணம் என்றேன். அவர் அதையும் கேரளாவில் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பின்னால் இரண்டு குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். செத்துப்போனவரின் இடத்துக்கு வந்த புது ஆள் ஒரு மாதமாகியும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறான், ஸ்டூல் போட்டு உட்காருகிறான் என்று ஒருவர் சொன்னார். பாவம், பயந்தவன் என்றார் மற்றவர். எனக்கு அந்தப் புது ஆளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். என் பழைய ரெகுலேட்டர் இருந்த பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானும் தள்ளினேன். பித்தளை நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. ஆற்றோரம் குடிசைகள். ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. தண்ணீர் எல்லாம் நிலத்துக்குள்ளே இருப்பதால் அதில் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

அடையாறு வீட்டுக்காரர் வரதராஜன். கடலடி ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, கை வைத்த பனியன், மூக்குக் கண்ணாடி. அவரிடம் இருந்தது ஒற்றைக் குழாய் ரெகுலேட்டர், பழையது, ஆனால் மல் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். அவருடைய சிலிண்டரில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். வீட்டு வாசலில் நின்று மூச்சு விடுவது போல வந்தது. இதுதான் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

எதற்கு வேண்டும் என்று கேட்டார். கூட்டாளி ஒருவன் கிணற்றுக் குகையில் போய்விட்டான், அவனை எடுக்க வேண்டும் என்றேன். தங்கை புருஷன் என்று சொல்ல நா வரவில்லை. அவர் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டார். எவ்வளவு ஆழம், எத்தனை நேரம், அவன் உள்ளே என்ன வேலை செய்தான், எனக்கு இறுகியபோது சிலிண்டரில் எவ்வளவு மிச்சம். கடலில் காற்று நின்றால் மேலே வரலாம், குகைக்குள் மேலே என்பது கல், ஆகவே ஒருவனுக்கு ஒரு ரெகுலேட்டர் போதாது, இரண்டு வேண்டும் என்றார். இதெல்லாம் எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். பிறகு என் பழையதை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் தரேன். ஆனா இன்னிக்குத் தரமாட்டேன். இது ஏன் போச்சுன்னு தெரியாம இன்னொண்ணை வாயில வெச்சுண்டு உள்ள போனேள்னா, நீங்களும் அங்கேயேதான் இருப்பேள்."

எனக்குக் கோபம் வந்தது. நாள் போகப் போகக் கனகு என்ன ஆவான் என்று இந்த மனிதருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னார். சாந்தோமில் சவரிமுத்து என்று ஒருவர் இருக்கிறார், துறைமுகத்தில் முக்குளித்தவர், இப்போது ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சாமான்களும் வெல்டிங் கருவிகளும் பழுது பார்க்கிறார், நாளைக்கு இதை அவரிடம் பிரித்துக் காட்டிவிட்டு வாருங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

சவரிமுத்துவின் கொட்டகை தேவாலயத்துக்குப் பின்னால், குப்பத்துக்குள், கடலைப் பார்த்தபடி இருந்தது. வெளியே பெண்கள் மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கரையும் இப்படித்தான் நாறும். மதராசில் எனக்கு வீட்டு ஞாபகம் வந்த ஒரே இடம் அது. சவரிமுத்துவுக்கு வலது காது முற்றாகக் கேட்காது, ஆழத்தில் போனது. இடது காதில் கத்த வேண்டும். கதையை நான் கத்திச் சொன்னேன். பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவர் என் ரெகுலேட்டரைப் பிரித்தார். சிலிண்டரின் தலையில் மாட்டும் பித்தளைக் கட்டியைத் திறந்து, உள்ளே முன்னும் பின்னும் நகரும் பிஸ்டனை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்பிரிங் நல்லது, ரப்பர் நல்லது, எங்கேயும் கீறல் இல்லை என்றார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இதுல இன்னா எண்ணெய் போட்டுக்கீறே?"

நான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் குனிந்தார். "தேங்காயெண்ணெய்" என்று மறுபடி கத்தினேன். குப்பம் முழுக்கக் கேட்டிருக்கும்.

எங்கள் வீட்டில் எதற்குத் தேங்காயெண்ணெய் போடுவதில்லை? கதவுக் கீல், சைக்கிள், தையல் மெஷின், பூட்டு, பிள்ளையின் தலை. எங்கள் ரெகுலேட்டர்கள் இரண்டையும் ஒரு கப்பல்காரர் கூட்டம் விட்டுப்போனபோது வாங்கினோம். அதோடு தாளோ புத்தகமோ வரவில்லை. நாலு வருஷமாக ஒவ்வொரு தரமும் இறங்குவதற்கு முன் நான் பிஸ்டனைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவித்தான் மாட்டுவேன். அதில் எனக்குப் பெருமை. கனகுவினுடையதையும் நான்தான் செய்வேன், அவனுக்குப் பொறுமை போதாது என்று.

நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் காதில் கத்தினேன். கிணற்றுத் தண்ணீர் குளிரும் இல்லை, நல்ல வெதுவெதுப்பு என்றேன்.

"தண்ணி ஜில்லுனு இருக்கத் தேவல நைனா. காத்தே ஜில்லு. இங்க வா, தொட்டுப் பாரு."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் எண்ணெய்ப் போத்தலை வாங்கி வந்தார். வெயிலில் வைத்து உருகியிருந்த எண்ணெய். பிஸ்டனில் இரண்டு சொட்டுத் தடவி, மாட்டி, தன் சிலிண்டரில் பூட்டித் திறந்தார். வாய்ப் பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக் காற்றைச் சீறவிட்டார். அடைபட்ட காற்று விரியும்போது குளிர்ந்துபோகும், வேகமாகப் போனால் இன்னும் குளிரும் என்று சொல்லிக்கொண்டே என் கையை இழுத்துப் பித்தளை மேல் வைத்தார். அது ஐஸாக இருந்தது. மேலே முத்து முத்தாகத் தண்ணீர் வியர்த்தது. சீற்றம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். குகை வாயில் நின்று நான் கேட்ட சத்தம் அது.

அவர் சிலிண்டரை மூடிவிட்டுப் பிரித்துக் காட்டினார். பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, மாடிச் சுவரில் போத்தலுக்குள் நான் பார்த்த அதே வெள்ளை.

"கடல்ல மெள்ள மூச்சு வாங்குவே. ஒண்ணும் ஆவாது. அப்டியே எதுனா ஆனாலும் மேல வந்துடுவே. அந்த ஆளு உள்ள கல்லப் பொரட்டிக்கினு இருந்தான்னு சொன்னியே. மூச்சு வாங்க வாங்க இது எறுகிக்கினே போயிருக்கும்."

பிறகு, தலைக்குத் தடவுவதை இதற்குத் தடவியிருக்கிறாயே என்று மெதுவாகச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்ன வாங்குவது என்று அவரிடம் கேட்டேன். எதற்கு வாங்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். இது நல்ல சாமான், சிலிண்டர் வற்றும்வரை ஒரே மாதிரி கொடுக்கிற சாதி, மதராசில் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்காது என்றார். பெட்ரோலில் கழுவி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, இதற்கென்று இருக்கும் சிலிகான் கிரீஸை நகக்கண் அளவு தடவி மாட்டித் தந்தார். இழுத்துப் பார்த்தேன். காற்று தங்குதடையில்லாமல் வந்தது. அப்போதுதான் நான் அழுதேன். வெளியே இருந்த பெண்களில் ஒருத்தி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலப் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. என்னைச் சுற்றி வேலை முடிந்து போகிறவர்கள். என் முகத்துக்கு நேரே வழித்து வாரிய தலைகள், எல்லாத் தலையிலும் தேங்காயெண்ணெய். பிறந்ததிலிருந்து மோந்த வாசனை. அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, ஒரு சுவரோரம் நின்று காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினேன். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து அறைக்குப் போனேன். மாடிச் சுவரில் என் போத்தல் அப்படியே நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

என்னைத் தின்றது ஒன்றுதான். கனகு இறங்கிய அன்றைக்குக் காலையில் எண்ணெய் முடிந்துவிட்டது என்று நான் கேட்க, அடுப்படியிலிருந்து போத்தலை எடுத்துவந்து தந்தவள் பூமணி. உண்மையைச் சொன்னால் என் பிழையோடு அதுவும் சேர்ந்து அவள் தலையில் விழும். சொல்லாவிட்டால், சாமான் பிழை என்று நான் ஊருக்குச் சொன்னது அப்படியே நிற்கும். வெள்ளைக்காரன் செய்த பித்தளையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனாக இருந்துவிடலாம். அன்று இரவு தூங்கும்வரை அப்படித்தான் செய்வது என்று இருந்தேன்.

மறுநாள் வரதராஜனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் ரெகுலேட்டரை மல் துணியோடு எடுத்து என் பைக்குள் வைத்தார். இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், முதலாவது உங்களுடையதே என்றார். விலை பேசவில்லை. வேலை முடிந்ததும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னார்.

புறப்படும்போது அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். ஊரில் பெண்டுகள் யார் யார் என்று கேட்டார். தங்கை ஒருத்தி என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். ஆகிவிட்டது என்றேன். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துண்டு, கபாலி கோயில் குங்குமப் பொட்டலம் எல்லாம் வைத்துக்கொண்டு வந்தார்.

"எங்காத்துல கொடுத்தான்னு சொல்லுங்கோ. தீர்க்க சுமங்கலியா இருக்கட்டும்."

வரதராஜனுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய முடியும்? திரும்பும் வழியில் கோயிலுக்குள் போய், எல்லோரும் மிஞ்சிய குங்குமத்தைக் கொட்டும் ஒரு தூணில் அந்தப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினேன். மஞ்சளையும் அங்கேயே வைத்தேன். ரவிக்கைத் துண்டு வெளிர் நீலம். அதை மட்டும் கொண்டுபோனேன்.

திரும்பி வரும்போது கப்பலில் கூறைச் சேலை எடுத்துவந்த குடும்பம் ஒன்று இருந்தது. மதராசில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பஸ் தள்ளினேன், ரிக்‌ஷா தள்ளினேன் என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். சுங்கத்தில் இரண்டு ரெகுலேட்டரையும் எடுத்து வைத்து இது என்ன என்று கேட்டார்கள். எதற்கு என்று சொன்னதும் ஒன்றும் கேட்காமல் பையைக் கட்டித் தந்தார்கள்.

நான் வந்து சேர்ந்த மறுநாள் காலை இறங்குவது என்று தீர்மானம். கிணற்றடியில் ஊர் கூடியிருந்தது. நான் கிணற்றுக்கட்டின் மேல் உட்கார்ந்து இரண்டு ரெகுலேட்டரையும் ஒருமுறை பூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூமணிக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை நாளாக வீட்டு வாசல் தாண்டாதவள். கையில் அடுப்படியிலிருந்த அந்த எண்ணெய்ப் போத்தல்.

"அண்ணை, உறைஞ்சுபோய்க் கிடந்தது. விடியவே வெயிலிலை வைச்சு உருக்கிக் கொண்டு வந்திருக்கிறன்."

போத்தல் நிறைய எண்ணெய் தெளிந்து நின்றது. எனக்காக, என் மூச்சுக்காக, காலையிலிருந்து அதைக் காவல் காத்திருக்கிறாள். அதற்குமேல் என்னால் பொய்யோடு இருக்க முடியவில்லை.

"அது வேண்டாம் பிள்ளை. அதாலைதான் கனகு போனவன். உள்ளுக்கை உறைஞ்சு காத்தை மறிச்சுப்போட்டுது."

அவள் போத்தலைப் பார்த்தாள். "நான்தானே எடுத்துத் தந்தனான்" என்றாள்.

"கேட்டது நான். பூசினதும் நான். உனக்கு இதிலை ஒரு பிழையும் இல்லை."

சிலிண்டரின் மேல் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடைசியில் அவள் போத்தலை மூடிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"போய் அவரைக் கொண்டு வாங்கோ. மிச்சம் பிறகு கதைப்பம்."

குகைக்குள் நான் எடுத்த மூச்சு ஒவ்வொன்றும் சீராக வந்தது. இரண்டாவது ரெகுலேட்டர் தேவைப்படவில்லை. கனகு குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தான், கயிற்றைக் கட்டி முடித்திருந்தான். மற்றதை எழுதப்போவதில்லை. மத்தியானத்துக்கு முன் அவனை மேலே கொண்டுவந்தேன்.

கனகுவை வைத்து மூடிய பெட்டியைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வழக்கப்படி சுடலைக்குக் கொண்டுபோகுமுன் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் செத்தவர் தலையில் எண்ணெயும் அரப்பும் வைக்க வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் வைத்தால் போதும் என்று ஐயர் கிண்ணத்தை நீட்டினார். அதில் இருந்தது நல்லெண்ணெய்தான். ஒவ்வொருவராக வைத்து முடித்தார்கள், என் முறை வந்தது, என் கை போகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமணி எழுந்து வந்து என் கையைப் பிடித்து எண்ணெயில் தோய்த்தாள். விடாமல் பிடித்தபடியே அதைக் கொண்டுபோய்க் கனகுவின் பெட்டியில் வைத்தாள்.